ஆசா பிரிண்டில் ஒருநாள்கூட நகரவில்லை

ஹாட்லி கார்னர்ஸ்,
கனெக்டிகட்.
15 அக்டோபர் 2024

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

உன் அண்ணன் வெண்டல் எழுதுவது. நான் நலமாக இல்லை. நீயும் மாப்பிள்ளை ராயும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் ஃபுளோரிடாவில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடிப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. என் இடது முழங்கால் போன கடிதத்தில் எழுதியபடியே இருக்கிறது. வலது முழங்கால் இடதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. ரத்த அழுத்தம் சனிக்கிழமை காலைவரை சரியாக இருந்தது. இங்கே முதல் உறைபனி விழுந்தாயிற்று. மரியாதைக்குச் சொல்லவும் விசாரிக்கவும் வேண்டியது இத்துடன் முடிந்தது. இனிமேல் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்.

கோபத்தில் எழுதுகிறேன். நேற்று எழுத உட்கார்ந்தபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. இன்று காலை பென்சிலை எடுத்தேன், இரண்டாவது வரியில் முனை ஒடிந்தது. இப்போது மேசைமேல் கம்பளி ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கம்பளியின் குற்றம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் பதினோரு வருடமாக வராதவர்களுக்கு நினைவூட்டாமல் எதையும் தொடங்க முடியாது. பிரேஸ் மலையில் 1778ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நம் சுதந்திரப் படை பாசறை போட்டுத் தங்கியது. பன்னிரண்டு பேருக்கு ஒரு மரக்குடிசை. குடிசைகளெல்லாம் மக்கிப்போய், அவற்றின் அடுப்புகள் சரிந்த கற்குவியல்கள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. அதில் பதினான்காவது குவியல் நம் மூதாதை ஆசா பிரிண்டில் இருந்த குடிசையினுடையது. 1963இல் அப்பா நம் இருவரையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கற்களுக்கு முன்னால் நிறுத்தி, "தொப்பியைக் கழட்டுடா" என்று என்னிடம் சொன்னார். ஆசாவின் மகன் லூசியஸ் பிறந்தது 1779 அக்டோபர் 11. அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது சனிக்கிழமை குடும்பம் முழுவதும் அங்கே கூட வேண்டும் என்று அப்பா விதித்தார். அன்றிலிருந்து மழையோ பனியோ ஒரு வருடமும் தவறாமல் கூடுகிறோம், தட்டில் பன்றித்தொடை சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மூன்றாவது கல் உன் அண்ணி ரூத்துக்கு. அவள் போன பிறகும் ஆறு வருடமாக அதில் யாரையும் நான் உட்கார விடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் அந்த மலையை இப்போது பராமரிக்கிற வரலாற்றுப் பூங்காவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். பதினான்காம் குவியலுக்கு முன்னால் ஒரு பெயர்ப்பலகை வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு முழம் அகலம். அதில் எழுத வேண்டியது: 'ஆசா பிரிண்டில், சிப்பாய். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒருநாள்கூட நகராமல் இங்கே இருந்தார்.' நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐம்பது வருடம் அடுத்தவர் வீட்டு அடித்தளத்தில் மல்லாந்து படுத்து, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரைப் பழுதுபார்த்தவன். வரலாற்றை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, நகர நூலகத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். பூங்காக் குழுவில் இருக்கிற ஏழு பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். அந்த ஏழு பேரும் நான் எழுதிய ஒரு வரியைப் பலகையில் ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர எழுபத்தெட்டு வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது. நவம்பர் முதல் தேதி குழு கூடுகிறது. அன்றைக்கு இது தேறவில்லை என்றால் இனி எப்போதும் தேறாது. விஷயம் அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டெனிஸ் காருடன் வந்து நின்றாள். என் கார்ச் சாவியைக் கர்டிஸ் ஏப்ரலில் பிடுங்கி வைத்துக்கொண்டதை எழுதியிருந்தேன். ஒரு தபால் பெட்டி. நான் இடித்தது ஒரே ஒரு தபால் பெட்டி. அதுவும் அளவுக்கு மீறிப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்காகப் பெற்ற மகனே என்னை வாகனம் ஓட்டத் தகுதியில்லாதவன் என்று தீர்மானித்து, இப்போது நான் எங்கே போவதென்றாலும் மருமகளின் பின்சீட்டில், மடியில் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்துடன் உட்கார்ந்து போகிறேன். காரில் ஏறும் முன்பே அவள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்தாள்.

"இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் மாமா! முப்பத்தொரு பேருக்கும் அளவு கேட்டு வாங்கியிருக்கேன்."

"என்னம்மா நிறம் இது?"

"சிவப்பு. கூட்டத்துல யாரும் தொலைஞ்சு போகக் கூடாதுல்ல. எவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியும்."

"தெரியும். அதனாலதான் எங்க ஆளுங்களால பிரிட்டிஷ்காரனைக் குறிபாத்துச் சுட முடிஞ்சுது."

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சிவப்புக் கோட்டுப் போட்ட எதிரியை விரட்ட நம் ஆட்கள் பட்டினி கிடந்த மலைக்கு, அவர்களுடைய வாரிசுகளே முப்பத்தொரு பேர் சிவப்பு உடுத்திக்கொண்டு ஏறிப் போவது என்ன நியாயம்? நான் போட மாட்டேன் என்று திட்டவட்டமாகச் சொன்னேன். நான்கு மைல் போயிருக்க மாட்டோம், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வான்கோழி ஓடியது, டெனிஸ் பிரேக்கை மிதித்தாள், உருளைக்கிழங்கு சாலட் முழுவதும் என் நெஞ்சில் கவிழ்ந்தது. மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை. அப்படித்தான் நானும் சிவப்பானேன், அதை நீ நம்பினாலும் சரி, வான்கோழியை அவள் ஏற்பாடு செய்தாள் என்று நான் நினைப்பதை நம்பினாலும் சரி.

பூங்காவில் வண்டி நிறுத்துமிடத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கீழே தேவாலயப் புல்வெளியில் காரை விட்டுவிட்டு வேனில் ஏறி மேலே போக வேண்டுமாம். அந்த வேனில் ஏற நாற்பது நிமிடம் வரிசையில் நின்றோம். நின்ற நேரம் முழுவதும் மெர்ல் என் பின்னால் நின்றான். நம் பெரியப்பா மகன் மெர்லைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பத்தொரு வயதாகிறது, இன்னும் ஏரிக்கரையில் கூடலாம், அங்கே கழிவறை சுத்தமாக இருக்கும் என்ற பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். "ஏரிக்கரையா இருந்தா இந்நேரம் ரெண்டாவது தட்டு சாப்பிட்டிருப்போம்டா வெண்டல்." இதைப் பதினொரு தடவை சொன்னான். நான் எண்ணினேன்.

வேனிலிருந்து இறங்கிப் பாசறை வாசலுக்குப் போனால், நீலக் கோட்டும் முக்கோணத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியுடன் பூங்காவின் வழிகாட்டிப் பெண் நிற்கிறாள். டெரேசா நோவாக் என்று பெயர், முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் துப்பாக்கியை நீட்டி, "நில்லுங்க! சிவப்புக் கோட்டுக்காரங்க வர்றாங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினாள். வாசலில் நின்ற சாரணர் கூட்டம் ஓவென்று சிரித்தது. நம் குடும்பமும் சேர்ந்து சிரித்தது. கர்டிஸ் கையைத் தூக்கிச் சரணடைந்தான். நான் மட்டும் முன்னால் போய், அவள் கோட்டில் பொத்தான்கள் அந்தப் படைப்பிரிவுக்கு உரியவை அல்ல என்றும், கைக்கடிகாரத்தைக் கழற்ற வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னேன். அவள் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள், அதை நான் மறுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதானே வெண்டல் பிரிண்டில் சார்? உங்க விண்ணப்பம் என்கிட்டதான் இருக்கு. ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்."

"தனியா என்னம்மா பேச்சு? பிரிண்டில் குடும்பத்துல ரகசியமே கிடையாது. இங்கயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற முப்பது சிவப்புப் பனியன்களைப் பார்த்தாள். "அப்புறமா சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டாள். இதை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும் லோர்னா. அந்தப் பெண் சொல்ல வந்தாள். நான்தான் தடுத்தேன் என்று இப்போது டெனிஸ் ஊரெல்லாம் சொல்கிறாள். நான் தடுக்கவில்லை, சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அது வேறு.

மேலே போனால் கற்குவியல்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள்! கற்களின்மேல் உட்காரக் கூடாது, பக்கத்தில் சாப்பிடக் கூடாது, ரொட்டித் துணுக்கு விழுந்தால் எலிகள் வந்து கற்களைக் குடைகின்றனவாம். அறுபத்தொரு வருடமாக நாங்கள் சிந்திய ரொட்டியில் ஒரு கல்லாவது அசைந்ததா என்று கேட்டேன். விதி என்றார்கள். பன்னிரண்டு பேர் இரும்புச்சட்டி வைத்துச் சமைத்துத் தின்ற அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவன் சாண்ட்விச் தின்னக் கூடாதாம். ரூத்தின் கல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். அதன்மேல் ஒரு அணில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தது. அதற்கு விதி இல்லை.

சாப்பாட்டுக்குப் பதிலாக டெரேசா கயிற்றிலிருந்து தள்ளிப்போய் நெருப்பு மூட்டி, மாவையும் தண்ணீரையும் பிசைந்து கல்லில் ஒட்டிச் சுட்ட ஒரு தட்டையை எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் சிப்பாய்கள் வாரக்கணக்கில் இதைத்தான் தின்றார்கள். நான் என் துண்டை மென்று விழுங்கினேன். மெர்ல் கடித்த கடியில் அவன் மேல்வரிசைப் பல்செட் முழுவதும் தட்டையிலேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. பல்லும் தட்டையுமாக மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகு இருபது நிமிடம் அவன் பேசவில்லை. அன்றைய தினத்தில் நல்லது என்று நடந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு, அப்பா வைத்த வழக்கப்படி, நான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை ஒட்டி நின்று வம்சத்தைச் சொல்லத் தொடங்கினேன். டெரேசா சாரணர்களைக் கூட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. குரலை உயர்த்தினேன். "ஆசா பிரிண்டில், சாதாரணச் சிப்பாய். 1778 நவம்பர் 16 முதல் 1779 மே 27 வரை, பனியிலும் பசியிலும், இந்தப் பதினான்காம் குடிசையை விட்டு ஒருநாள்கூட நகராமல் கிடந்தார். அவருடைய மகன் லூசியஸ் 1779 அக்டோபர் 11 அன்று பிறந்தார். அந்த ரத்தம்தான் நாம்." அதோடு, வருடாவருடம் சேர்த்துச் சொல்கிறபடி, நானும் 1967 நவம்பரிலிருந்து அடுத்த மே வரை வடக்கு எல்லை ராணுவ முகாமில் பாய்லர் பார்த்ததையும், ஆசாவைப் போல நானும் ஒருநாள்கூட நகராமல் இருந்ததையும் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். டெனிஸ் மட்டும் நிமிர்ந்தாள்.

நம் டெனிஸ் முப்பது வருடமாகப் பிரசவ வார்டில் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். பிரசவத் தேதி பார்க்கிற வட்ட அட்டை ஒன்றை, மற்றவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வது போல, எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறாள். யாராவது ஒரு பிறந்த தேதியைச் சொன்னால் போதும், கை தானாகப் பைக்குள் போய்விடும். போயிற்று. அட்டையைச் சரக்கென்று திருப்பினாள்.

"மாமா, மே இருபத்தேழு வரைக்கும் அவரு இங்கயேதான் இருந்தாரா?"

"ஒருநாள்கூட நகரல."

"நவம்பர்லேர்ந்தா?"

"நவம்பர் பதினாறுலேர்ந்து. எத்தனை தடவைம்மா சொல்றது?"

"அப்போ அவரோட வீட்டம்மா இங்கே வந்து தங்கியிருந்தாங்களா?"

"பேஷன்ஸா? அவங்க முப்பது மைல் தள்ளி ஹாட்லில பண்ணையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. குளிர்காலம் பூரா வீட்டு வாசல் தாண்டலைன்னு அப்பா சொல்லியிருக்காரு. ரெண்டு பேருமே ஒரே மன உறுதி."

டெனிஸ் அட்டையை இன்னொரு முறை திருப்பினாள். "ஜனவரி பதினெட்டு" என்றாள். "முன்னே பின்னே ஒரு வாரம்."

அவ்வளவுதான் சொன்னாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தால் கர்டிஸ் விரலை மடக்குகிறான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் மடக்குகிறான். சிவப்புப் பனியன் போட்ட முப்பது பேர் ஒரு கற்குவியலைச் சுற்றி நின்று, உதட்டை அசைத்துக்கொண்டு, அக்டோபரிலிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணுகிறார்கள். சாரணர் கூட்டத்திலும் ஒரு பையன் விரலைத் தூக்கினான், அவர்கள் தலைவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். அறுபத்தொரு வருடம் லோர்னா! அந்தப் பிறந்தநாளுக்காகத்தான் கூடுகிறோம். இரண்டு தேதிகளையும் ஒரே மூச்சில் அப்பா சொன்னார், நான் சொன்னேன், நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். ஒருவருக்காவது எண்ணத் தோன்றியதா?

மெர்லுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. பல் இல்லாத வாயால், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னான்: "டேய் வெண்டல், ஆசா நாட்டுக்குக் காவல் இருந்தான், சரி. ஆசா வீட்டுக்கு யாருடா காவல் இருந்தது?"

"வாயை மூடுடா. முதல்ல பல்லை மாட்டு."

"மாட்டறேன், மாட்டறேன். அதுக்கு முன்னாடி நம்ம குடும்பப் பேரு என்னன்னு சொல்லு. பக்கத்துப் பண்ணைக்காரன் பேரு தெரியுமா உனக்கு?"

நான் அவனை அடிக்கக் கையை ஓங்கியதாகச் சொல்கிறார்கள். தொப்பியைத்தான் ஓங்கினேன். டெரேசா நடுவில் வந்து நின்றாள்.

"ஐயா, ஐயா, கொஞ்சம் இருங்க. நீங்க யாரும் வேற வீட்டுப் பிள்ளைங்க இல்லை." தோள்பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்தாள். "இது அந்தப் படைப்பிரிவு சார்ஜெண்ட் எழுதின நாட்குறிப்பு. போன மாசம்தான் முழுசாப் படிச்சோம். 'ஜனவரி 9: பிரிண்டில், பதினான்காம் குடிசை, அனுமதியின்றி வெளியேறினான். பிப்ரவரி 2: தானாகவே திரும்பி வந்தான். மனைவிக்கு விறகு வெட்டிக் கொடுக்கப் போனதாக விசாரணையில் சொன்னான். இருபது கசையடி.' இதைத்தான் சார் காலையில உங்ககிட்ட தனியாச் சொல்லப் பாத்தேன்."

"விறகு வெட்டினானாம்!" என்றான் மெர்ல்.

அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். நம் குடும்பம் கைதட்டியது! பாசறையை விட்டு ஓடிப்போனவன் ஒருவனுக்காக, பாசறையிலேயே நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். கர்டிஸ் டெனிஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நாற்பது வருடம் நான் அந்த ஆசாவுக்காக வாதாடியிருக்கிறேன். தேவாலயத்தில் சண்டை போட்டிருக்கிறேன், நூலகத்தில் சண்டை போட்டிருக்கிறேன், ரூத்தின் தம்பியுடன் ஒன்பது வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த ஆசா எனக்குச் செய்தது இது. பதினொரு பேர் குடிசையில் நடுங்கிக்கொண்டிருக்க, இவன் சொல்லாமல் கொள்ளாமல் முப்பது மைல் பனியில் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறான்.

"அந்த சார்ஜெண்ட் பொய் எழுதியிருப்பான்" என்றேன்.

"ரெண்டு வருஷ நோட்டுல உங்க ஆள் பேரு மூணே தடவைதான் சார் வருது. பொய் எழுதற அளவுக்கு அவருக்கு இவரைத் தெரியாது." பிறகு அந்தப் பெண் இன்னும் ஒன்று சொன்னாள். "பலகை வைக்கலாம் சார். குழுகிட்ட நான் பேசறேன். ஆனா நடந்ததை நடந்தபடி எழுதணும்."

ஓடிப்போனதைப் பலகையில் எழுதி, எங்கள் செலவில் நட்டு, வருடாவருடம் வந்து தொப்பியைக் கழற்றவா? பலகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். கீழே வேன் நின்றது, ஏறி உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள், எல்லோரும் சிவப்பு மேலங்கி. தலையை எண்ணிய அம்மா என் தோளையும் தட்டி எண்ணிவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு, போகலாம்" என்றாள். எட்டு மைல் போன பிறகுதான் தெரிந்தது, அது மாசசூசெட்ஸ் தேவாலயத்து முதியோர் குழு, மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரை உணவகத்துக்குப் போகிறது என்று. வழி முழுவதும் நான் அவர்களுக்கு ஆசா பிரிண்டில் ஒருநாள்கூட நகராததைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பழக்கம் அப்படி. சிப்பிச் சாறு வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டாவது இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பூங்கா ஆட்கள் புதருக்குள் தேடிக்கொண்டிருக்க, டெனிஸ் அழுதுகொண்டு ஓடி வந்தாள். "எங்க மாமா போனீங்க? ஒரு வார்த்தை சொல்லாம?"

"விறகு வெட்டப் போயிருப்பான்" என்றான் மெர்ல். பல்லை மாட்டியிருந்தான். "சொல்லாமப் போறது இந்தக் குடும்பத்துக்கு ரத்தத்துலயே இருக்கு."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். டெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டுக்குப் போகும்போது கர்டிஸ் முன்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மாமா, ராணுவத்துல அந்தக் குளிர்காலம் பூராவும் நீங்க முகாம்லயேதான் இருந்தீங்களா?"

"ஒருநாள்கூட நகரல."

"அடுத்த மாசம் ஆறாம் தேதி கர்டிஸுக்கு அம்பத்தாறு முடியுது" என்றாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டும்மா" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். கேக் வாங்குவதைப் பற்றி யோசித்திருப்பாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அப்பாவின் உயிலில் குடும்ப பைபிளை ஏன் உனக்குக் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, அதை விடு. அதன் முன்பக்கத்தில் பேஷன்ஸ் கைப்பட எழுதிய பிறப்புப் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார். லூசியஸ் பிறந்தது 1779தானா? அது ஏன் 1780 ஆக இருக்கக் கூடாது? பழைய மை, பழைய கை, கடைசி இரண்டு எண்கள் யாருக்கும் எப்படியும் தெரியலாம். 1780 என்றால் ஆசா மே மாதம் படை கலைந்த பிறகு முறையாக வீட்டுக்குப் போயிருக்கிறான், அந்தக் குறிப்பில் இருப்பவன் வேறு எவனோ பிரிண்டில், என் பலகை நான் எழுதியபடியே நிற்கும். ஒருவேளை 1779 என்றே தெளிவாகத் தெரிந்தால், எனக்கு எழுதாதே. மாப்பிள்ளை ராய் எதைப் படித்தாலும் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பார், உன் திருமணப் பத்திரிகையையே அப்படித்தான் படித்தார், கறை இன்னும் இருக்கிறது. அவரை அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் படிக்கச் சொல். நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. படிக்கச் சொல்கிறேன். பிறகு பைபிளை நவம்பர் முதல் தேதிக்குள் கைக்குக் கிடைக்கும்படி எனக்கு அனுப்பு.

கடவுள் உன் வீட்டுக் கூரையைப் புயலிலிருந்தும், உன் முழங்கால்களை என் முழங்கால்களிலிருந்தும் காப்பாற்றட்டும். ராய்க்கு என் வணக்கம், காப்பி விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே நன்றி. பேரன் பேத்திகளுக்கு ஆசி. கொடுத்த வாக்கில் நிற்கிற குடும்பம் நாம் என்று அவர்களுக்கு அடிக்கடி சொல்.

உன் அன்பு அண்ணன்,
வெண்டல் பிரிண்டில்
(தலைவர், பிரிண்டில் குடும்பச் சங்கம்)

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்யாதே. ராயை அந்தப் பக்கத்தின் பக்கத்திலேயே விடாதே. கடிதத்தை உறையில் போட்டு உன் பெயரை மேலே எழுதும்போதுதான் நான் யாருக்கு இதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. 1968 பிப்ரவரியில் அப்பாவின் டிரக்கை அவரிடம் கேட்காமல் எடுத்து, ஆறு மணி நேரம் பனியில் ஓட்டி, என்னை முகாம் வாசலில் இறக்கிவிட்டு, "போடா, போய் வாங்கிக்கோ" என்று சொன்னவளுக்கு. பாய்லர் நின்றுவிட்டது, வீடு உறைகிறது என்று ரூத் எழுதியிருந்தாள், நான் பாய்லர் பார்க்கிறவன், போகாமல் என்ன செய்வேன்? பாய்லர் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நான் நான்கு நாள் இருந்தேன். ஐம்பத்தாறு வருடமாக அக்டோபர்தோறும் நான் எல்லோருக்கும் முன்னால் சொல்வதை, வந்த வருடமெல்லாம் நீ வாயைத் திறக்காமல் கேட்டிருக்கிறாய். கர்டிஸிடமும் சொல்லவில்லை. டெனிஸிடம் இனிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு மாதம் கழிவறை கழுவுகிற வேலை, ஆசாவுக்கு இருபது கசையடி. அவனுடைய சார்ஜெண்ட் எழுதி வைத்தார், என்னுடைய சார்ஜெண்ட் எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அவன் விறகு வெட்டியிருப்பான் லோர்னா. நிச்சயமாக வெட்டியிருப்பான்.

இப்போதுதான் டெரேசாவை ஃபோனில் கூப்பிட்டுப் பலகைக்குப் புதிய வாசகம் சொன்னேன்: 'ஆசா பிரிண்டில், சிப்பாய். ஜனவரியில் வீட்டுக்குப் போனார். பிப்ரவரியில் திரும்பி வந்தார். மே வரை இருந்தார்.' 'திரும்பி வந்தார்' என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றேன். எல்லா எழுத்தும் ஒரே அளவுதான், விதி என்கிறாள். முதல் தேதி குழுவின் முன்னால் நானே போய் நின்று ஒரு கை பார்க்கப் போகிறேன், அந்த ஏழு பேரும் தயாராக இருக்கட்டும். பைபிளைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா. எனக்குக் கார்ச் சாவி கிடையாது, இந்த முகாம் வாசலுக்கும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும். உனக்கு வழி தெரியும்.